ஈரப் புல்லில் பிரேக் என்ன செய்யும்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் புல்தரைத் தளங்களில் சிறு விமானம் ஓடுபாதையைத் தாண்டி வேலியில் மோதினால், 'பிரேக் பிடிக்கவில்லை' என்ற ஒற்றை வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. பிரேக்கில் எந்தப் பழுதும் இல்லாவிட்டாலும் ஈரப் புல்லில் அது பிடிக்காது. அழுத்தி மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், விமானம் நிற்காது. அப்புறம் டயரைப் பாருங்கள்: ஒரே இடத்தில் பச்சைக் கறை அப்பியிருக்கும். சக்கரம் உருளாமல் வழுக்கிக்கொண்டே போன தடயம் அது.

செஸ்னா 172எஸ் என்ற சிறு விமான ரகத்தை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்தில், முழு எடையோடு, 50 அடி உயரத்திலிருந்து இறங்கி நிற்க அதற்கு 1,335 அடி, சுமார் 407 மீட்டர் வேண்டும். இது காற்றில்லாத நாளில், உலர்ந்த கெட்டித் தளத்துக்கான கணக்கு. ஈரப் புல் என்றால் 1.35 ஆல் பெருக்கச் சொல்கிறது பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். 550 மீட்டர் ஆயிற்று. பின்காற்று 6 நாட் (மணிக்கு சுமார் 11 கி.மீ.) அடித்தால் இன்னொரு 1.2, 660 மீட்டர். பாதுகாப்புக்கான 1.43 ஆலும் பெருக்கினால் 940 மீட்டரைத் தாண்டும். 600 மீட்டர் தளத்தில் இதற்கு இடமேது? ஒட்ட வெட்டிய புல் நனைந்திருந்தால் 1.35 போதாது, 1.6 வரை போகும்.

இத்தனையும் விமானி சரியாக 61 நாட் வேகத்தில் வந்தால்தான். வேகம் பத்து சதவீதம் கூடினால் பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடிவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம், தரைக்கு ஒரு முழம் மேலே சக்கரம் படாமல் மிதந்தபடியே கடந்துபோகும் தூரம். பொறுமையிழந்து மூக்கை அழுத்தி இறக்கினால் முன்சக்கரம் முதலில் பட்டுத் துள்ளும். தரை தொட்டதும் ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) மடக்கி, கட்டுப்பாட்டுத் தண்டை முழுக்கப் பின்னால் இழுத்தால் எடை இறக்கையிலிருந்து பின்சக்கரங்களுக்கு இறங்கும். பிரேக்குக்குக் கொஞ்சமாவது பிடிமானம் கிடைப்பது அப்போதுதான்.

ஓடுபாதையின் மூன்றிலொரு பங்கில் ஒரு மரத்தையோ குடிசையையோ முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குள் சக்கரம் தரையில் படாவிட்டால் முழு விசை கொடுத்து மறுபடி மேலேறிவிட வேண்டும். பாதி தூரம் பிரேக் மிதித்து வழுக்கிய பிறகு மேலேற முயல்வது மிக ஆபத்து; வேலியில் மெதுவாக மோதியிருக்க வேண்டிய விமானம் அப்போது வேகமாக மோதும்.

இனி இப்படிச் செய்தி வந்தால், ஓடுபாதை எவ்வளவு நீளம், புல் நனைந்திருந்ததா, காற்று எந்தப் பக்கம், சக்கரம் எங்கே தரை தொட்டது என்ற நான்கையும் நிருபர் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சிறு விமானப் பயிற்சியில் ஈடுபட்டுள்ள வாசகர்