வேர்ப்புழுவைக் கொல்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வேளாண் பக்கத்தில் வேர்ப்புழு (பயிரின் வேரைத் தின்னும் வண்டுப்புழு) கட்டுப்பாடு பற்றி வந்த கட்டுரையில், நன்மை செய்யும் நூற்புழுக்கள் (மண்ணில் வாழும், நூல் போன்ற நுண்ணிய புழுக்கள்) ‘வேர்ப்புழுவைத் துளைத்துத் தின்று அழிக்கின்றன’ என்று ஒரு வரி இருந்தது. சின்னப் பிழைதான். ஆனால் அதை நம்பிப் பாக்கெட் வாங்கும் கரும்பு விவசாயிக்குக் கைக்காசு போகிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

நூற்புழு வேர்ப்புழுவைத் தின்பதில்லை. அது தன் குடலில் ஒரு பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு போய் வேர்ப்புழுவின் ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. பெரும்பாலும் கொல்வதும், உடலைக் கூழாகக் கரைப்பதும், அந்தக் கூழை வேறு கிருமிகள் அழுகச் செய்யாமல் காப்பதும் பாக்டீரியாவின் வேலை. நூற்புழுவுக்குச் சாப்பாடு அந்தப் பாக்டீரியாவும் கூழும்தான். பாக்டீரியாவாலோ மண்ணில் தனியாக நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. ஒன்றுக்கு வண்டி வேண்டும், இன்னொன்றுக்குச் சமையல்காரர் வேண்டும்.

நம் மண்ணுக்கு ஏற்றது ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகா என்ற நூற்புழு. கோவையில் எடுக்கப்பட்டு 1992-இல் புதிய இனமாக விவரிக்கப்பட்டது, வெயிலைத் தாங்கும். இதன் கூட்டாளிப் பாக்டீரியா ஃபோட்டோராப்டஸ். மண்ணில் இரை தேடி அலைவது நூற்புழுவின் மூன்றாம் பருவ இளம்புழு மட்டுமே. நீளம் அரை மில்லிமீட்டர் அளவு; அந்தப் பருவத்தில் அது எதையும் உண்பதில்லை. வாய், மலத்துவாரம், மூச்சுத்துளை வழியாக நுழையும். தலையிலுள்ள சிறு பல்லால் மெல்லிய தோலைக் கிழித்தும் நுழையும். ரத்தத்தை அடைந்ததும் பாக்டீரியாவைக் கக்கும். பூச்சியின் ரத்த அணுக்கள் சூழ்ந்துகொள்ள முயலும்போது, பாக்டீரியாவின் நச்சுகள் அந்த அணுக்களையே அழிக்கின்றன. பெரும்பாலும் 48 மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

அடுத்த தலைமுறைக்குப் பாக்டீரியா கைமாறும் விதம் விசித்திரமானது. தாய் நூற்புழுவின் பின்குடலில் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியா, அங்குள்ள சுரப்பிச் செல்களுக்குள் புகுந்து பெருகுகிறது. கடைசி முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரித்து, குஞ்சுகள் தாயை உள்ளிருந்து தின்கின்றன. அந்த நேரத்தில் சுரப்பிச் செல்களிலிருந்து வெளிப்படும் பாக்டீரியாவில் ஓரிரண்டு செல்கள் ஒவ்வொரு குஞ்சின் குடலிலும் குடியேறி, பிறகு பெருகுகின்றன. வேறு வகைப் பாக்டீரியாவுக்கு அங்கே பொதுவாக இடம் கிடைக்காது. பிடிமானம் இவ்வளவு நுணுக்கமானது என்பதால் கெடுவதும் சுலபம்.

ஆய்வகத்தில் செயற்கை ஊடகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால் ஃபோட்டோராப்டஸ் ‘இரண்டாம் நிலை’க்கு மாறிவிடும். அந்த நிலையிலும் அது பூச்சியைக் கொல்லும். ஆனால் ஒளியும் நிறமியும் ஆண்டிபயாடிக்கும் வெகுவாகக் குறைந்துவிடும், நூற்புழு சரியாக இனம் பெருக்காது. சாயம் கலந்த மக்காங்கி ஊடகத்தில் வளர்த்தால், மாறாத முதல் நிலைப் பாக்டீரியாக் கூட்டங்கள் சாயத்தை உறிஞ்சிச் சிவக்கும். சாயம் ஏறாதவை கண்ணில் பட்டால் அந்தத் தாய்வளர்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, நூற்புழு தாக்கிப் புதிதாகச் செத்த பூச்சிப்புழுவிலிருந்து பாக்டீரியாவை மீண்டும் எடுக்க வேண்டும். இந்தப் பாடம் பழையது. 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜப்பானிய வண்டின் புழுக்களில் நூற்புழுவைக் கண்ட விஞ்ஞானி கிளேசர், அதைச் செயற்கையாக வளர்த்துப் பல இடங்களில் விட வழிசெய்தார். கூட்டாளிப் பாக்டீரியா ஒன்று இருப்பதை அவர் அறியவில்லை. தூய்மைக்காகச் சேர்த்த கிருமிநாசினிகள் அதையும் சேர்த்தே துடைத்துவிட்டன.

ஆகவே, பாக்கெட்டில் நூற்புழு நெளிகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. தேனீப் பெட்டியை அரிக்கும் மெழுகுப்புழு ஒரு பத்து கிடைத்தால் சோதனையை வீட்டிலேயே செய்துவிடலாம். 9 செ.மீ. தட்டில் வடிதாள் விரித்து, புழுக்களை வைத்து, சுமார் 1,000 இளம்புழுக்கள் கொண்ட 1 மி.லி. நீரைப் பரவலாக விடுங்கள். தாள் நனைந்தால் போதும், நீர் தேங்கக் கூடாது. மூடி, 25 முதல் 28 டிகிரியில் இருட்டில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் செத்த புழு செங்கல் சிவப்பாக, ரப்பர் போலத் தொய்ந்து, நாற்றமில்லாமல் இருந்தால் சரக்கு நல்லது. கறுத்துக் குழைந்து நாறினால் வேறு கிருமி புகுந்துவிட்டது. மூன்றாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கண்ணை இருளுக்குப் பழக்கிப் பாருங்கள். செத்த புழு மங்கலாக ஒளிரும். நிலத்தில் வாழும் பாக்டீரியாக்களில் இப்படி ஒளிர்வதாக அறியப்பட்டது ஃபோட்டோராப்டஸ் மட்டுமே. (ஸ்டைனர்நீமா என்ற வேறொரு நூற்புழு வகையின் பாக்கெட்டானால் சிவப்பும் ஒளியும் எதிர்பார்க்க வேண்டாம், புழு பழுப்பாக மாறும்.) ஆண்டிபயாடிக் கலந்த தீனியில் வளர்த்த புழுவை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

சிவந்த புழுக்களை ஐந்தாம் நாள், பெரிய தட்டில் கவிழ்த்து வைத்த சிறு மூடியின்மேல் ஈர வடிதாள் போட்டு, ஒன்றையொன்று தொடாமல் அடுக்க வேண்டும். தாளின் ஓரம் மட்டும் கீழேயுள்ள நீரைத் தொட வேண்டும்; புழு நீரில் மூழ்கினால் எல்லாம் வீண். இரண்டாம் வாரத்தில் இளம்புழுக்கள் இறங்கி நீர் பால் போலக் கலங்கும். ஒரு மெழுகுப்புழுவில் பொதுவாக ஒரு லட்சத்துக்குக் குறையாது. அந்த நீரை ஆழமில்லாத தட்டில் 15 டிகிரி அளவில் வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டியின் கடுங்குளிர் இண்டிகாவுக்கு ஆகாது. பாட்டிலில் நிரப்பி இறுக மூடினால் அடியில் படிந்து மூச்சுத்திணறிச் சாகும்.

வயல் கணக்கு: ஒரு சதுர செ.மீ.க்கு 25 இளம்புழு. ஏக்கருக்கு ஏறத்தாழ 100 கோடி வரும். மலைக்க வேண்டாம், ஒரு மீட்டர் ஆரமுள்ள தென்னம்பாத்திக்கு எட்டு லட்சம் போதும், அதாவது சிவந்த மெழுகுப்புழு எட்டு. அவற்றை அப்படியே ஐந்து செ.மீ. ஆழத்தில் ஈரமண்ணில் புதைத்தாலும் ஆகும். எறும்பு தூக்கிப் போய்விடாதா என்று கேட்பார்கள். எறும்பை விலக்கும் பொருளொன்றையும் இந்தப் பாக்டீரியாவே சுரக்கிறது.

தெளிப்பதானால் முதலில் நீர் பாய்ச்சுங்கள், மாலை ஐந்து மணிக்குமேல் தெளியுங்கள், உடனே மறுபடி லேசாக நீர் விடுங்கள். நேர்வெயில் பட்டால் நிமிடங்களில் செத்துவிடும். தெளிப்பானின் நுண்வடிகட்டியைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் பாதிப்பேர் அதிலேயே சிக்கிக்கொள்வார்கள். டேங்கை அடிக்கடி கலக்க வேண்டும். பூவாளி இருந்தால் அதுவே மேல். நூற்புழுக்கொல்லிக் குருணை போட்ட நிலத்தில் உடனே விடுவது காசைக் கரியாக்குவது.

காலமும் முக்கியம். கோடை மழைக்கு வண்டு கிளம்பி முட்டையிட்டபின் வரும் முதல், இரண்டாம் பருவப் புழுக்கள்தான் இலக்கு. வளர்ந்த வேர்ப்புழுவின் மூச்சுத்துளையில் சல்லடை இருக்கிறது. அடிக்கடி மலம் கழித்துக் குடல்வழி வரும் நூற்புழுக்களையும் தள்ளிவிடும். ஆடி கழிந்து தடித்த புழுவின்மேல் தெளித்துவிட்டு ‘பலன் இல்லை’ என்று சொல்வது நூற்புழுவின் குற்றமாகாது.

இந்தப் பாக்டீரியா சுரக்கும் ஸ்டில்பீன் என்ற பொருள்தான் தோல் படை நோயான சோரியாசிஸுக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாபினரோஃப் களிம்பின் மருந்து. மருந்துக் கடையில் இதற்குள்ள மதிப்பு உரக்கடையில் இல்லை. பாக்கெட்டின்மேல் நூற்புழுவின் இனம், தயாரித்த தேதி, உயிருள்ள இளம்புழு எண்ணிக்கை ஆகியவற்றோடு, மெழுகுப்புழுச் சோதனை எந்தத் தேதியில் செய்யப்பட்டது, பத்துக்கு எத்தனை சிவந்தன என்பதையும் அச்சிட வேளாண் துறை கட்டாயப்படுத்த வேண்டும். தங்கள் கட்டுரையின் அந்த ஒரு வரியையும் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நூற்புழு வளர்ப்பில் உள்ள இருவர்,
கோயம்புத்தூர்