டிம் லைட்டுலயே கண்ணு கூசுதுன்னா வண்டியோட பின்பக்கத்த பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போடிமெட்டு மலை ரோட்டுல ஜீப்புக்காரங்க யாரும் டிம் பண்றதே இல்ல, எதிர்ல வர்றவன் கண்ண பறிக்குதுன்னு ஒரு வாசகர் உங்க பேப்பருக்கு எழுதியிருந்தாரு. அவர் கோவம் நியாயமானது. 17 கொண்டை ஊசி வளைவு, ஒரு பக்கம் பாறை ஒரு பக்கம் பள்ளம், ரெண்டு செகண்டு கண்ணு தெரியலன்னா என்ன ஆகும்னு இங்க சின்னப் புள்ளைக்குக் கூட தெரியும். ஆனா அவர் திட்டின வண்டிகள்ல நெறய வண்டி டிம்லதான் வந்திருக்கும்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா என் வண்டியும் அப்படித்தான் இருந்துச்சு.

என்கிட்ட இருக்கிறது 2008 மாடல் பொலிரோ. பூப்பாறை பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கு, வாரத்துல நாலு நாள் போடியில இருந்து மேல போயிட்டு வரணும், போகும்போது உர மூட்டையும் ஆளுங்களும், வரும்போது காய் மூட்டை, இப்படியே பல வருசம் ஓடிருச்சு. போன ஐப்பசியில ஒரு ராத்திரி இறங்கி வர்றப்ப எதிர்ல வந்த பஸ் டிரைவர் நிறுத்தி ஜன்னல் வழியா தலைய நீட்டி, "அண்ணே, லைட்ட இறக்குங்கண்ணே, ரோடே தெரியல"ன்னாரு. டிம்லதான் தம்பி இருக்குன்னேன். அவர் ஒரு நிமிசம் பாத்துட்டு, "அப்ப பின்னாடி பட்டை உக்காந்திருக்கும், மொதல்ல அத பாருங்க"ன்னு சொல்லிட்டு போனாரு. பட்டைன்னா வண்டி வெயிட்ட தாங்குற, வளைஞ்ச இரும்புத் தகடு ஸ்பிரிங்; அது வளைவு போயி உக்காந்துட்டா வண்டியோட பின்பக்கம் தாழ்ந்துரும்.

வீட்டுக்கு வந்து உக்காந்து கணக்கு போட்டேன். டிம் லைட்டு 10 மீட்டர் போறதுக்குள்ள சுமாரா 10 சென்டிமீட்டர் கீழ இறங்கணும், அப்படித்தான் செட்டிங் வைப்பாங்க. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிறது சுமாரா 2.7 மீட்டர்தான், அதுல பின்பக்கம் வெறும் 5 சென்டிமீட்டர் இறங்குனாலே மூக்கு தூக்கிக்கிட்டு அதே 10 மீட்டர்ல லைட்டு 18 சென்டிமீட்டர் மேல போயிரும். அதாவது ரோட்டுல விழ வேண்டிய வெளிச்சம் எதிர்ல வர்றவர் மூஞ்சிக்கு போகுது. லைட்ட திருகி இறக்கிட்டா போதுமேன்னு சிலர் சொல்றாங்க, வண்டி காலியா இருக்கும்போது சரிதான், நாலு மூட்டை ஏத்துனா திரும்பவும் மேலதான் பாக்கும்.

சரின்னு பக்கத்துல ஒரு பட்டறைக்கு போனேன், ஷாக் அப்சார்பர் போயிருச்சுன்னு ரெண்டையும் மாத்துனாங்க, 5,000 ரூபாய்க்கு மேல ஆச்சு, வண்டி ஒரு நூல் கூட ஏறல. ஏறாதுங்க. வெயிட்ட தாங்குறது பட்டைதான், ஷாக் ஆட்டத்த அடக்குறதுக்கு மட்டும்தான், இது அப்ப எனக்கு தெரியாது, அவங்களாவது சொல்லியிருக்கணும். இன்னொரு இடத்துல எக்ஸ்ட்ரா பட்டை ஒண்ணு சொருகி விட்டாங்க. உயரம் வந்துச்சு, ஆனா காலி வண்டியில பின் சக்கரம் குதிக்க ஆரம்பிச்சிருச்சு, மழையில வளைவுல பின்பக்கம் நழுவுது, பின் சீட்டுல வந்த அம்மாவுக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டு மூணு நாள் எந்திரிக்க முடியல. அன்னைக்கே அத கழட்டச் சொல்லிட்டேன்.

கடைசியா தேனியில பட்டை வேலை மட்டுமே பாக்குற ஒரு பெரியவர்கிட்ட போனேன். அவர் ஸ்பானர எடுக்கல, மொதல்ல டேப்ப எடுத்தாரு. சமதளத்துல காலி வண்டிய நிறுத்தி, டயர் காத்து பாத்துட்டு, சக்கரத்து நடு மையத்துல இருந்து மேல மட்காட் விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்தாரு, அங்கயே நின்ன புது பட்டை போட்ட அதே மாடல் வண்டியையும் அளந்தாரு. எனக்கு இடது பக்கம் 2 இஞ்ச், வலது பக்கம் ஒன்றரை இஞ்ச் கம்மி. கழட்டிப் பாத்தா ஒரு பட்டையில சென்டர் போல்ட் ஓட்டை பக்கத்துல கீறல் விட்டிருக்கு, பட்டை முனையில இருக்கிற ரப்பர் புஷ் எல்லாம் நஞ்சு போச்சு.

பழைய பட்டையவே அடிச்சு வளைச்சு தரலாமான்னு கேட்டேன். சும்மா சுத்தியல்ல அடிச்சா சில மாசத்துல திரும்ப உக்காந்துரும், உலையில சூடு காட்டி எண்ணெயில முக்கி பதம் பாத்து எடுக்கணும், ஆனா கீறல் விட்ட பட்டைக்கு அதுவும் ஆகாதுன்னு ஒளிவு மறைவு இல்லாம சொன்னாரு. ரெண்டு பக்கமும் புது செட், புது புஷ், பட்டைய ஆக்ஸிலோட சேத்துப் பிடிக்கிற யூ கிளாம்ப் கூட பழச போடல. புஷ் போல்ட்ட வண்டி தூக்கி இருக்கும்போது இறுக்காம, சக்கரம் தரையில இறங்கி வெயிட் விழுந்த பிறகுதான் இறுக்குனாரு, இல்லன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து கிழிஞ்சிருமாம். 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, யூ கிளாம்ப்ப திரும்ப ஒரு தடவ இறுக்கணும்னாரு, நானும் போயிட்டு வந்துட்டேன்.

இன்னொரு விசயத்தையும் அவர்தான் சொன்னாரு. சில வண்டியில பின் பிரேக்குக்கு லோடுக்கு தகுந்த மாதிரி பிரஷர் விடுற ஒரு வால்வு ஆக்ஸிலோட சேந்து இருக்கும். பட்டை உக்காந்துட்டா வண்டியில லோடு இருக்குன்னு நெனச்சு அது பின்னாடி பிரேக்க கூட விடும், காலி வண்டி ஈர ரோட்டுல இறங்கும்போது பின் சக்கரம் பூட்டிக்கும். லைட்டு விசயத்த விட எனக்கு இதுதான் பயமா இருந்துச்சு. பட்டை மாத்துனா அந்த வால்வையும் செட் பண்ணச் சொல்லுங்க.

ஐயா, 15 வருசம் முடிஞ்சு 2023ல என் வண்டிக்கு ஆர்.சி. ரினியூவல் பண்ணப்ப லைட்டு எரியுதான்னு பாத்தாங்க, எங்க விழுதுன்னு யாரும் பாக்கல. ஒரு சுவரும் ஒரு டேப்பும் இருந்தா அஞ்சு நிமிச வேலை. தோட்டத்து வேலைக்கு தினம் விடியக்காலம் இருட்டுல கம்பம், போடி பக்கம் இருந்து நம்ம அக்கா தங்கச்சிங்க ஏறிப் போறது இந்த பழைய ஜீப்புகள்லதான், அந்த வண்டிகளயாவது மொதல்ல அளந்து பாக்கச் சொல்லி அதிகாரிங்களுக்கு நீங்க எழுதணும். அளவுக்கு மேல ஆள் ஏத்துறதுதான் பட்டை உக்கார பெரிய காரணம், நானும் ஏத்தியிருக்கேன், இப்ப சீட்டுக்கு மேல ஒருத்தர கூட ஏத்துறதில்ல.

இப்படிக்கு,
ஏல விவசாயி ஒருவர்,
போடிநாயக்கனூர்.