மொழிபெயர்க்க மாமனைக் கூட்டிவர முடியாது: மலையகச் சுகாதாரப் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

முதலில் நன்றி. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்கிய எங்கள் மிட்வைஃப்மாருக்கும் அதில் பங்குண்டு. கர்ப்பிணி என்று பதிந்ததும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கிறார்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று யாரும் துருவுவதில்லை.

அதே ஊசிக்கு ஒரு திருநங்கையோ, ஆணை விரும்பும் ஆணோ கை நீட்டினால் கதை வேறு. பரிசோதிக்கப் போனாலே 'அப்படிப்பட்டவன்' என்கிறார்கள். அப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிட்டாலோ, பரிசோதிக்காமலே 'நோய்க்காரன்' ஆக்கிவிடுகிறார்கள். ஒரு அவப்பெயருக்கு மற்றது சாட்சி. இதற்குப் பயந்தே பலர் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

என் தோழி துணிந்து போனாள். அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை விட்டு, முதல் பஸ் பிடித்து டவுனுக்குப் போனாள். எந்த டவுன் என்பது இங்கே வேண்டாம். அடையாள அட்டையில் ஆண் பெயர், உடுத்தியிருந்தது சேலை. தாதிக்குத் தமிழ் தெரியாது. இவளுடைய சிங்களம் கடைக்குப் போய்வர மட்டும்தான் காணும். தமிழ் தெரிந்த யாராவது உண்டா என்று தாதி வராந்தாவைப் பார்த்துக் கேட்டார். எழுந்து வந்தவர் பக்கத்து டிவிஷன்காரர், இவளுக்கு மாமன் முறை. கடைசியாக யாரோடு, எப்போது, உறை பாவித்தாயா என்று கேட்க வேண்டிய இடத்தில் அவர் சிரித்துவிட்டார். படிவத்தை மேசையில் வைத்துவிட்டு அவள் வெளியே வந்துவிட்டாள். அந்தக் கிழமைக்குள் தோட்டமெல்லாம் ஒரே பேச்சு: "அதுக்கு எயிட்ஸாம்." ஒரு சொட்டு இரத்தம்கூட எடுக்கவில்லை என்பது யாருக்கு வேண்டும்?

வதந்தி எதுவரை போகும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. 2016இல் குளியாப்பிட்டியில், எச்.ஐ.வி. என்ற வதந்தியால், தொற்றே இல்லாத ஒரு பிள்ளையைப் பாடசாலைகள் சேர்க்க மறுத்தன. கடைசியில் கண்டியில் ஒரு கல்லூரிதான் இடம் கொடுத்தது.

எங்கள் சனத்தையும் சொல்ல வேண்டும். மாசியில் காமன் கூத்துக்கு ரதி வேடம் கட்டும் ஆணைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வேடமில்லாமல் ஒருத்தி சேலை கட்டினால் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கவும் விடமாட்டார்கள். இதை நாங்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

சட்டமும் உங்கள் கையில் இல்லை. ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. பிரிவுகள் மட்டும் ஏட்டைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் படிவத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும் பொலிஸுக்குப் போகுமோ என்று பயப்படுகிறார்கள். போகாது என்றால் அதைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

உங்கள் கையில் இருப்பதைத்தான் கேட்கிறேன். தமிழ் 1987 முதல் அரச கரும மொழி. ஒவ்வொரு பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்திலும் கிழமைக்கு ஒரு நாளாவது தமிழ் பேசும் ஆலோசகர் இருக்கட்டும். வராந்தாவில் இருப்பவரையோ உறவுக்காரரையோ மொழிபெயர்க்கக் கூப்பிடக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இலக்கம் சொல்லிக் கூப்பிடலாம், அதற்குச் செலவே இல்லை. எச்.ஐ.வி.க்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சில மாதத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள். மாதாமாதம் லீவு கேட்டால் கங்காணி காரணம் கேட்பார்.

இன்னொன்று. ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவால் அது மற்றவருக்குத் தொற்றாது. எங்கள் தோட்ட டிஸ்பென்சரியில் ஒருவர்கூட இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. உலக எயிட்ஸ் தினமான டிசம்பர் 1ஆம் திகதி ஊர்வலத்துக்கு அச்சடிக்கும் பதாகையில் இந்த முறை இதை எழுதுங்கள், மண்டையோட்டுப் படம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து