கருவிக் கோப்பைப் பகிர்ந்தால் கருவி வராது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் லினக்ஸ் தொடரில், ‘யூனிக்ஸில் கருவியும் கோப்புதான், கோப்பகத்தைப் பகிர்ந்தால் கருவியும் நெட்வொர்க்கில் கிடைத்துவிடும்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி. முதல் பாதி சரி. இரண்டாவதை நம்பி இறங்கினால் வம்புதான்.

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எடைமேடை இண்டிகேட்டரிலிருந்து கேட் அறைக் கணினிக்கு சீரியல் கேபிள் வருகிறது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், அந்த போர்ட்டைக் குறிக்கும் கருவிக் கோப்பை, என்.எஃப்.எஸ். (ஒரு கணினியின் கோப்பகத்தை நெட்வொர்க்கில் பகிரும் முறை) வழியாக பில்லிங் அறையிலிருந்து திறந்தார். பிழைச் செய்தி வரவில்லை, எடையும் வரவில்லை. வெளியே லாரிக்காரர்கள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

கருவிக் கோப்புக்குள் சரக்கு ஒன்றும் கிடையாது. எந்த வகைக் கருவி, அதில் எது என்று சொல்லும் மேஜர், மைனர் என இரண்டு எண்கள்தான். என்.எஃப்.எஸ். அவற்றை அப்படியே கொடுத்துவிடும். கருவியைத் திறப்பது கேட்ட கணினியின் கெர்னல், அதாவது அதன் இயங்குதளத்தின் மையப் பகுதி. ஆக, பில்லிங் கணினி கேபிளே செருகாத தன் போர்ட்டைத் திறக்கப் பார்த்துக் காத்துக் கிடந்தது.

1980களில் என்.எஃப்.எஸ்.ஸை உருவாக்கிய சன் நிறுவனம் இப்படி வைத்ததற்கு நியாயம் உண்டு. வட்டில்லாக் கணினிகள் ரூட் எனும் அடிக் கோப்பகத்தையே சர்வரிலிருந்து எடுத்தன. அங்கே கன்சோல் (திரையும் விசைப்பலகையும்) என்றால் அவரவர் மேசைமேல் இருப்பதுதான். ஏ.டி. அண்டு டி.யின் பகிர்வு முறையான ஆர்.எஃப்.எஸ். நேர்மாறாக சர்வரின் கருவியைத் திறந்தது, அது நிலைக்கவில்லை. பெல் ஆய்வகத்தின் பிளான் 9 இயங்குதளம் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. சீரியல் போர்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பு. அதில் ‘பி9600’ என்று எழுதினால் வேகம் மாறும். வெறும் எழுத்துதானே, நெட்வொர்க் தாண்டியும் செல்லும். யூனிக்ஸில் அதற்கு ஐ.ஓ.சி.டி.எல். என்ற, கருவிக்குக் கட்டளையிடும் தனி அழைப்பு வேண்டும், என்.எஃப்.எஸ்.ஸில் அதற்கு வழியே இல்லை.

ஆபத்தும் இருக்கிறது. பகிர்ந்த கோப்பகத்தில் வன்வட்டின் எண்களோடு, யாரும் எழுதலாம் என்ற அனுமதியில் ஒரு கருவிக் கோப்பு கிடந்தால், அந்தக் கோப்பகத்தை மவுண்ட் செய்த (தன்னோடு இணைத்துக்கொண்ட) கணினியில் சாதாரணப் பயனரே வட்டைத் துழாவலாம். கருவிக் கோப்புகளைத் திறக்க விடாத ‘நோடெவ்’ என்ற விருப்பத்தைக் கொடுத்து மவுண்ட் செய்தால் ‘அனுமதி இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். கேட்காமலேயே அது நடக்க வேண்டும் என்பது என் கட்சி. வட்டில்லாக் கணினி வைத்திருப்பவர் வேண்டுமானால் அந்தத் தடையை விலக்கிக்கொள்ளட்டும்.

இப்போது கேட் அறையில் ஒரு சின்ன புரோகிராம் மட்டும் போர்ட்டைத் திறந்து, கேட்கிற அறைக்கு எடையை அனுப்புகிறது. இரண்டு பேர் ஒரே போர்ட்டைப் படித்து, ஆளுக்குப் பாதி எண் போகிற கூத்தும் இல்லை.

உங்கள் தொடரைப் படித்து அப்படியே செய்துபார்க்கும் பையன்கள் இங்கே நிறைய. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்.

– ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81