துறவி நண்டுக்கு ஈர மணல்

அன்புள்ள செந்தில்,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. வீடு மாற்றிய அலைச்சலில் எனக்குத்தான் பதில் போடத் தாமதமாகிவிட்டது.

சரி, உன் மகள் ஓஷன் சிட்டி கடற்கரைக் கடையில் வாங்கி வந்த, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கு வருகிறேன். தினமும் தண்ணீர் தெளித்தும் மணல் காய்கிறது, ஆனால் அடியிலிருந்து அழுகிய முட்டை வாடை வருகிறது என்று எழுதியிருந்தாய். அந்தத் தெளிப்புதான் வம்பே. தெளிக்கும் தண்ணீரெல்லாம் இறங்கி அடியில் தேங்கிவிடும். அங்கே காற்றுப் போகாது, பாக்டீரியா பெருகும். மேல்மணலோ மறுநாளே உலர்ந்து கிடக்கும்.

மணலைக் கலக்கும்போதே ஈரத்தை முடித்துவிட வேண்டும். குழந்தைகள் விளையாட விற்கும் சுத்தமான மணல் ஐந்து பங்கு, ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள். பொள்ளாச்சியிலிருந்து கட்டி கட்டியாகக் கப்பலேறுகிறதே, அதேதான். குளோரின் நீக்கிய தண்ணீரில் கடல்மீன் தொட்டிக்கு விற்கும் உப்பைக் கரைத்துக்கொள், சமையல் உப்பு வேண்டாம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புட்டுக்கு மாவு பிசிறுகிற மாதிரி பிசிறு. பிழிந்தால் சொட்டக் கூடாது. அழுத்திவிட்டு விரலால் குத்தினால் துளை இடியாமல் நிற்க வேண்டும். நண்டு உள்ளே குகை தோண்டித்தான் தோலுரிக்கும்; மணல் காய்ந்தாலும் சேறானாலும் குகை அதன் மேலேயே சரியும். ஆழம் குறைந்தது 15 செ.மீ., நண்டு பெரிதாக இருந்தால் அதன் உயரத்தைப் போல மூன்று மடங்கு.

அப்புறம் மூடி. கடைக்காரன் கொடுத்த கம்பி வலையைத் தூக்கிப் போட்டுவிட்டு கண்ணாடி போடு. இந்த நண்டுகள் செவுளால் மூச்சு விடுபவை, காற்றில் ஈரப்பதம் 75 முதல் 85 சதவீதம் வேண்டும். வலைக் கூண்டில் வைத்து விற்பதே அநியாயம் என்பேன். சூடேற்றும் பட்டையைத் தொட்டிக்கு அடியில் ஒட்டாதே, பின்பக்கக் கண்ணாடியில் மணல் மட்டத்துக்கு மேலே ஒட்டு.

இப்போது முதலில் நண்டுகளை எண்ணிப் பார். எல்லாம் மேலே இருந்தால் அந்த மணலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து போடு. ஒன்று புதைந்திருந்தாலும் தோண்டாதே. தோலுரித்து முடிக்க வாரங்கள் ஆகும், பெரியதற்கு மாதங்கள்கூட ஆகும். மூலையில் மெல்லிய குழாயை அடிவரை இறக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் தேங்கிய தண்ணீரை உறிஞ்சி எடு.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் இவை இருபது வருடம்கூட இருக்குமாம். மகள் படிப்பு முடிந்து போய்விடுவாள், பிறகு சாப்பாடு வைக்கப் போவது நீதான்!

குளிருக்கு வீட்டு ஹீட்டர் ஓட ஆரம்பிப்பதற்குள் மூடியை மாற்றிவிடு. நன்றி நவிலல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருகிறோம். என்னிடம் ஈரப்பதமானி ஒன்று கூடுதலாக இருக்கிறது, எடுத்து வருகிறேன், நீ வாங்காதே.

அன்புடன்,
முரளி