கையெழுத்து இருந்தால் கட்டாயம் இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மனநோய்க்கு விருப்பமில்லாதவரிடம் வற்புறுத்தி சிகிச்சை தரலாமா என்று உங்கள் இதழில் வந்த விவாதத்தைப் படித்தேன். மனநல வார்டில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆதரித்து எழுதியவரும் சரி, எதிர்த்து எழுதியவரும் சரி, சட்டப்படி கட்டாயமாகச் சேர்க்கப்படுகிறவர்களைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார்கள். தாமாகக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர்கள் விவாதத்துக்குள்ளேயே வரவில்லை. நான் வார்டில் பார்த்த கட்டாயத்தில் பெரும்பகுதி அவர்கள் மேல்தான் நடந்தது.

"நீங்களே கையெழுத்துப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சட்டப்படி சேர்க்க வேண்டிவரும், அப்புறம் வெளியே வருவது கஷ்டம்" என்று சொன்னால் யார்தான் போடமாட்டார்கள்? பதிவேட்டில் அவர் விருப்பப்பட்டுச் சேர்ந்தவர். மாத்திரை வேண்டாம் என்றால் ஊசியைக் காட்டிப் பயமுறுத்துவது, மருந்து சாப்பிட்டால்தான் வீட்டுக்குப் போன் பேசலாம் என்பது, டிஸ்சார்ஜ் கேட்டால் "டாக்டர் வரட்டும்" என்றே நாளைக் கடத்துவது. இவை எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை.

சாப்பாட்டில் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுப்பதும் இந்த வகைதான். வீட்டார் வேறு வழி தெரியாமல் அன்பினால் செய்கிறார்கள், அவர்களைத் திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் ஒருநாள் குட்டு உடைந்துவிடும். அதன்பிறகு அவர் மருந்தை மட்டுமல்ல, அந்த வீட்டில் யார் கொடுப்பதையும் நம்பிச் சாப்பிடமாட்டார். யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருப்பவருக்கு, நாமே போய் அதற்கு ஆதாரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எதிர்த்து எழுதியவர், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையைக் காட்டி, கட்டாய சிகிச்சையை அடியோடு ஒழிக்க வேண்டும் என்கிறார். அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழுவின் நிலையும் அதுதான். என்னால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் உறைந்துபோய்க் கிடக்கும் ஒருவரின் சம்மதத்துக்காகக் காத்திருந்தால் உயிர் போய்விடும். ஆனால் "கடைசி வழியாக மட்டும்" என்று ஆதரவாளர் எளிதாகச் சொல்லிவிட்டுப் போவதையும் ஏற்க முடியவில்லை. அதற்கு முந்தைய வழிகளை யார், எப்போது முயன்று பார்த்தார்கள்? இரவு ஷிப்டில் ஆள் இல்லாவிட்டால் கடைசி வழியே முதல் வழியாகிவிடுகிறது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பணியாளர் பற்றாக்குறை என்ற ஒரே காரணத்துக்காக நோயாளியைக் கட்டிவைக்கக் கூடாது என்று தனியாகவே குறிப்பிடுகிறது. அந்த வரியை எழுதியவருக்கு வார்டு எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது.

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2018-இல் சொன்னதும் எனக்குப் பிடித்தது. ஒருவரை மருத்துவமனையில் அடைக்க நீதிபதி ஏற்கெனவே உத்தரவு கொடுத்திருந்தாலும், அவரைக் கட்டிலோடு சேர்த்துக் கை, கால், உடலைக் கட்டுவது இன்னொரு சுதந்திரப் பறிப்பு. அரை மணி நேரத்துக்கு மேல் போனால் அதற்குத் தனியாக நீதிபதியின் முடிவு வேண்டும். அதாவது, உள்ளே வந்தவர் மேல் எதையும் செய்யலாம் என்று யாருக்கும் மொத்தமாக அனுமதி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

கட்டாயம் பலன் தருகிறதா என்பதைப் பற்றி இருவருமே எழுதவில்லை. டிஸ்சார்ஜுக்குப் பிறகும் சட்டத்தின் பிடியில் வைத்திருந்து மருந்து எடுக்கச் செய்யும் உத்தரவுகளை இங்கிலாந்தில் சோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். உத்தரவின் கீழ் நீண்ட காலம் இருந்த பிரிவிலும் அப்படி இல்லாத பிரிவிலும், ஓராண்டுக்குள் மறுபடி மருத்துவமனைக்கு வந்தவர்கள் அதே 36 சதவீதம். இன்னொரு பக்கம், வார்டில் பழகும் விதத்தை மாற்றிப் பார்த்த ஆய்வு 2015-இல் வந்தது. கெட்ட செய்தியை நோயாளியிடம் பக்குவமாகச் சொல்வது, மறுக்க வேண்டியதைத் தன்மையாக மறுப்பது, ஒரு தகராறு நடந்தால் அதைப் பார்த்துப் பயந்த மற்ற நோயாளிகளிடம் போய்ப் பேசுவது, இப்படிப்பட்ட எளிய மாற்றங்கள்தான். ஒப்பிட்ட மற்ற வார்டுகளைவிட அங்கே தகராறுகள் 15 சதவீதமும், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் சுமார் 26 சதவீதமும் குறைந்தன. இதற்குப் புது மருந்தோ புதுச் சட்டமோ தேவைப்படவில்லை. ஆள் வேண்டும், அவர்களுக்கு நேரம் வேண்டும், அவ்வளவே.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. கட்டியது, அடைத்தது, பலவந்தமாக ஊசி போட்டது மட்டுமல்ல, மிரட்டிக் கையெழுத்து வாங்கியதும் பதிவேட்டில் ஏற வேண்டும். யார் சொன்னார், என்ன சொன்னார் என்பதோடு ஏற வேண்டும். நோயாளி தெளிந்த பிறகு அவரோடு உட்கார்ந்து, நடந்ததை அவர் பக்கத்திலிருந்து கேட்டு அதையும் எழுத வேண்டும். மறுபடி முடியாமல் போனால் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே அவர் வாயாலேயே சொல்லவைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்பார்கள். ஒருவரை நான்கு பேர் சேர்ந்து பிடித்து அழுத்துவதற்கு நேரம் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். விவாதத்தில் எழுதியவர் ஒருவர் மருத்துவர், மற்றவர் வழக்கறிஞர். அடுத்த முறை அந்தக் கையெழுத்தைப் போட்டவர் ஒருவருக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர்
(பெயர் வெளியிட வேண்டாம்)