கிளின்ட் மலார்ச்சுக் கட்டுரையில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் கிளின்ட் மலார்ச்சுக் மனம் திறந்து சொன்ன வாழ்க்கைக் கதையை உங்கள் ஞாயிறு இதழில் படித்தோம். 1989 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் பஃபலோவில் நடந்த ஆட்டத்தில் எதிரணி வீரரின் ஸ்கேட் (பனிச்சறுக்குக் காலணி) பிளேடு அவர் கழுத்தை அறுத்தது. சுமார் 300 தையல் போட வேண்டியிருந்தது. அப்படியும் இரண்டு வாரத்துக்குள் அவர் களமிறங்கியதை வீரம் என்று கட்டுரை பாராட்டியிருக்கிறது. எங்களால் அதை ஏற்க முடியவில்லை. அவருடைய துன்பம் முற்றியதே அங்கேதான்.

அன்று அவர் பிழைத்ததற்குக் காரணம் அணியின் மருத்துவ உதவியாளர் ஜிம் பிஸ்ஸுடெல்லி. வியட்நாம் போரில் ராணுவ மருத்துவப் பணியாளராக இருந்த அவர், அறுபட்ட நாளத்தை விரலால் அழுத்திப் பிடித்தபடியே களத்தை விட்டு அழைத்துச் சென்றார். கழுத்து வெட்டுக்கு முதலுதவி இன்றைக்கும் இதுதான். சுத்தமான துணியோ பயிற்சி ஜெர்சியோ, கையில் கிடைத்ததை நேரடியாகக் காயத்தின் மேல் வைத்து அழுத்த வேண்டும். மூச்சுக்குழலை நெரிக்காமல் வெட்டுப் பட்ட பக்கத்தை மட்டும் அழுத்த வேண்டும். இரத்தம் நின்றதா என்று துணியை எடுத்துப் பார்க்கவே கூடாது. நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. அழுத்துகிற ஆள் அழுத்திக்கொண்டே இருக்க, இன்னொருவர் தென்னாப்பிரிக்க ஆம்புலன்ஸ் எண்ணான 10177-ஐ அழைக்கட்டும். கைபேசியிலிருந்து 112-ம் போகும்.

வெளிக்காயம் ஆறியது. உள்ளே நடந்ததை யாரும் கேட்கவில்லை. கெட்ட கனவு, தூக்கமின்மை, முன்பே இருந்த எண்ணச் சுழற்சி நோயின் (ஓசிடி) தீவிரம், மது என்று போய், 2008-ல் துப்பாக்கியால் தம்மையே சுட்டுக்கொண்டு தப்பிப் பிழைத்தார். சிகிச்சைக்குப் போன பிறகுதான் அந்த 1989 இரவின் அதிர்ச்சி அத்தனை வருடமும் உள்ளே இருந்தது தெரிந்தது. இதையெல்லாம் கட்டுரை கடைசிப் பத்தியில் நான்கு வரியில் முடித்துவிட்டது.

நம் நாட்டில் பனி அரங்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனாலும் தென்னாப்பிரிக்கா 1937 முதல் உலக ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் உறுப்பு நாடு. ஜோகன்னஸ்பர்க்கின் லெனேஷியாவிலும் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் இருக்கிற நம் குடும்பத்துப் பிள்ளைகள் ஆசைப்பட்டால் பெற்றோருக்கு முதலில் தெரிய வேண்டியது கருவிகளைப் பற்றி. இங்கே புதிதாக வாங்க விலை அதிகம். பெரும்பாலும் அண்ணன் போட்டது தம்பிக்கு, தெரிந்தவர் வீட்டில் கிடைத்தது நமக்கு. எதை அப்படி வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதில்தான் பிழை நடக்கிறது.

கழுத்துக் காப்பைப் புதிதாகவே வாங்குங்கள். 2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆடம் ஜான்சன் கழுத்தில் பிளேடு பட்டு இறந்த பிறகு, உலகக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் இதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. வெறும் பஞ்சு வைத்த பட்டை போதாது. கெவ்லர் போன்ற வெட்டுத் தாங்கும் இழை நெய்தது என்று உறையில் எழுதியிருக்க வேண்டும். போட்ட பிறகு பிள்ளையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள், தலையை இரு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். எந்த நிலையிலும் தோல் தெரியக் கூடாது. பின்புற வெல்க்ரோவில் நூலும் பஞ்சும் சேர்ந்தால் பிடி விடும். ஆட்டத்தின் நடுவில் காப்பு நழுவுவது பெரும்பாலும் இதனால்தான். ஊசியால் கிளறிச் சுத்தம் செய்யலாம், அப்படியும் ஒட்டாவிட்டால் மாற்றத்தான் வேண்டும். பிளீச் போட்டுத் துவைத்தால் இழை கெடும். கோல்கீப்பர்களின் முகமூடிக்குக் கீழே தொங்கும் பிளாஸ்டிக் தகடு, பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) கழுத்தில் அடிக்காமல் இருக்க வைத்தது. பிளேடு பக்கவாட்டில் நுழைந்துவிடும். கோல்கீப்பருக்கு இரண்டுமே வேண்டும்.

ஸ்கேட்டைப் பழையதாக வாங்கலாம், பெரியதாக வாங்கக் கூடாது. வளர்கிற பிள்ளை என்று பள்ளிக் காலணியைப் பெரிதாக எடுக்கும் பழக்கம் இங்கே ஆகாது. ஹாக்கி ஸ்கேட் சாதாரணக் காலணி அளவை விட ஒன்று, ஒன்றரை எண் குறைவாக இருக்கும். நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் சற்றே விலக வேண்டும். குதிகால் தூக்கினால் கணுக்கால் உள்ளே சாயும், பிள்ளை நிறுத்தத் தெரியாமல் விழும். விழுகிறவனின் கால்தான் மேலே தூக்கிக்கொண்டு அடுத்தவன் கழுத்துக்கு வருகிறது. டர்பன் ஈரக்காற்றுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஆடி முடித்ததும் பிளேடைத் துணியால் ஒற்றி எடுத்து, துணி உறையில் போடுங்கள். கடின பிளாஸ்டிக் உறையோடு பைக்குள் வைத்தால் உள்ளே தேங்கும் நீரில் துரு ஏறிவிடும்.

ஹெல்மெட்டின் பின்புறம் தரச்சான்று ஒட்டியிருக்கும். அமெரிக்கச் சான்று தயாரிப்புத் தேதியிலிருந்து ஆறரை ஆண்டு வரைதான். அந்தத் தேதி கடந்ததையும், உள்பஞ்சு கல்லாகிப் போனதையும், பெயின்ட் அடித்ததையும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். புருவத்துக்கு மேல் ஒரு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும். தலையை ஆட்டும்போது ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது.

ஆனால் நல்ல ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்குமே தவிர மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. ஓடு உடையாமலே உள்ளே கொப்பரை குலுங்குகிறதல்லவா, அப்படித்தான். மோதிய பிள்ளை விழித்தபடி திகைத்து நின்றாலும், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டாலும், வெளிச்சம் கூசினாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பிள்ளை "ஒன்றும் இல்லை" என்று சொல்வதை நம்ப வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நாள் திரை பார்ப்பதைக் குறைத்து ஓய்வு. பிறகு லேசான நடை, தனியாகச் சறுக்கல், மோதலில்லாத பயிற்சி என ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம்; அறிகுறி கூடினால் ஒரு படி பின்னால். மோதலுள்ள பயிற்சிக்கு மருத்துவர் சம்மதம் வேண்டும். நம் பள்ளி ரக்பியில் போக்ஸ்மார்ட் என்ற ரக்பி பாதுகாப்புத் திட்டத்தால் இந்தப் படிமுறை பலருக்கும் பழக்கம்தான், ஐஸ் ஹாக்கிக்கும் அதே முறைதான். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம், இரட்டையாகத் தெரிதல், கழுத்து வலி இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. உடனே அவசரப் பிரிவு.

வலியோடு ஆடுவது பெருமை என்று வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா ஐஸ் ஹாக்கி வீரர் டெரிக் பூகார்டைப் பாருங்கள். எதிரணியோடு கைகலப்பதற்கென்றே அணியில் வைக்கப்பட்டவர். வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்து 2011 மே மாதம் 28 வயதில் இறந்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, அடிபட்டு அடிபட்டு வரும் சிடிஇ என்ற சிதைவு அந்த இளம் மூளையில் ஏற்கெனவே முற்றியிருந்தது தெரிந்தது. மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரை எத்தனை நாளைக்கு என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மீந்ததை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுங்கள். கிட் பையில் கிடக்க விடாதீர்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தற்கொலை முயற்சியைப் பற்றி எழுதிய அந்தப் பக்கத்தில் உதவி எண் எதுவும் இல்லை. தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழுவின் கட்டணமில்லாத் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. இக்கடிதத்தோடு அதைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள், இனி இத்தகைய கட்டுரை வரும்போதெல்லாம் அடியில் சேருங்கள்.

இப்படிக்கு,
இளம் வீரர்களுக்குக் கருவி பொருத்தித் தரும் வாசகர்கள் சிலர்,
லெனேஷியா, ஜோகன்னஸ்பர்க்